கைதட்டலை வைத்துத் தலைவரைத் தேர்வதா?

2024 மே மாதம் நாடாளுமன்றத் தேர்தல் நடந்துகொண்டிருந்தபோது, உச்ச நீதிமன்ற முன்னாள் நீதிபதி மதன் பி. லோகூர், டெல்லி உயர் நீதிமன்ற முன்னாள் தலைமை நீதிபதி ஏ.பி. ஷா, மூத்த பத்திரிகையாளர் என். ராம் ஆகிய மூவரும் நரேந்திர மோடிக்கும் ராகுல் காந்திக்கும் ஒரு கடிதம் எழுதினார்கள். இருவரும் பொது மேடையில் நேருக்கு நேர் விவாதிக்க வேண்டும் என்று அதில் அழைத்திருந்தார்கள். ராகுல் காந்தி சம்மதம் தெரிவித்தார். ஆனால் விவாதம் நடக்கவேயில்லை.

அடுத்த மாதமே, ஜூன் 27 அன்று, அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் ஜோ பைடனும் டொனால்ட் டிரம்பும் தொலைக்காட்சியில் 90 நிமிடம் விவாதித்தார்கள். பைடனின் குரல் கம்மியது, வாக்கியங்கள் பாதியில் நின்றன. ஜூலை 21 அன்று அவர் போட்டியிலிருந்தே விலகினார். அதே மேடையில் டிரம்ப் உண்மைக்கு மாறான செய்திகளைத் தங்குதடையின்றி அடுக்கினார். பைடன் சொன்னவற்றிலும் பிழைகள் உண்டு. இரண்டையும் அங்கேயே திருத்துவது நெறியாளர்களின் வேலையாக வைக்கப்படவில்லை. மறுநாள் ஒருவர் தடுமாறியது உலகத்துக்கே தலைப்புச் செய்தியானது. சொல்லப்பட்ட பொய்கள் ஓரச் செய்தியாகிப் போயின.

ஒரு நாட்டில் விவாதமே இல்லை. இன்னொரு நாட்டில் விவாதம் நடந்தும், பேசியது உண்மையா என்று கேட்க ஆள் குறைவு. இரண்டும் மனத்தை உறுத்துகின்றன. வேட்பாளர் ஒருவர் திரையில் தோன்றி வாதிடும்போது, வாக்காளர் எதை எடைபோட வேண்டும்? சொன்னது மெய்யா, செய்ததற்குக் கணக்கு உண்டா என்ற இரண்டை மட்டுமே. குரலுக்கும் தோரணைக்கும் எதிராளியை மடக்கும் சாமர்த்தியத்துக்கும் மதிப்பெண் போடுவது, வாக்குரிமைக்குச் செய்யும் துரோகம்.

தமிழ்நாட்டில் முதல்வர் வேட்பாளர்கள் நேருக்கு நேர் உட்கார்ந்து வாதிடும் வழக்கம் இல்லை. அதற்குப் பதிலாக 'நேர்படப் பேசு', 'ஆயுத எழுத்து' போன்ற நிகழ்ச்சிகளில் கட்சிப் பேச்சாளர்கள் மோதிக்கொள்கிறார்கள். காலையில் அதன் துண்டுக் காணொளிகள் கைபேசிக்கு வந்துவிடும். 'மூக்குடைத்தார்', 'வச்சு செஞ்சார்', 'தெறிக்க விட்டார்' என்பவைதான் தலைப்புகள். டீக்கடைப் பேச்சிலும் அதே சொற்கள். ஏரி தூர்வாரிய பணம் எங்கே போனது, நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டைகள் ஏன் மழையில் நனைந்தன என்ற கேள்விக்குப் பதில் வந்ததா என்று யாரும் கேட்பதில்லை. பட்டிமன்றம் கேட்டுக் கேட்டுப் பழகிய காது நம்முடையது. பட்டிமன்றத்தில் நகைச்சுவைக்குக் கைதட்டலாம். நடுவர் எந்தப் பக்கம் தீர்ப்புச் சொன்னாலும் யாருக்கும் நட்டமில்லை. தேர்தலில் தவறாகத் தட்டிய கைக்கு ஐந்து ஆண்டுகள் விலை கொடுக்க வேண்டும்.

வாக்காளர் எதை எடைபோட வேண்டும் என்ற கேள்விக்கு விடை தேடி அட்லாண்டா வரை போக வேண்டியதில்லை. காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில், வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபச் சுவரில் அது இருக்கிறது. முதலாம் பராந்தக சோழனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது கி.பி. 919, 921இல், பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் அவை. 2020 டிசம்பர் 10 அன்று புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டிய விழாவில் பிரதமர் இந்த ஊரின் பெயரைச் சொன்னபோது நாமெல்லாம் மகிழ்ந்தோம். மகிழ்ந்தவர்களில் எத்தனை பேர் அந்தக் கல்வெட்டின் விதிகளைப் படித்துப் பார்த்தார்கள்?

ஊர் 30 குடும்புகளாக, அதாவது வார்டுகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. குடத்தில் இட்ட ஓலையை எடுக்கும் குடவோலை முறையால் குடும்புக்கு ஒருவர் தேர்வாகி, 12 பேர் சம்வத்சர வாரியம் என்ற ஆண்டுக் குழுவுக்கும், 12 பேர் தோட்ட வாரியத்துக்கும், 6 பேர் ஏரி வாரியத்துக்கும் போனார்கள். வயது 35க்கு மேல், 70க்குள். வரி செலுத்தும் கால் வேலிக்கு மேற்பட்ட நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், கல்வி வேண்டும், காரியத்தில் தேர்ச்சி வேண்டும், பொருளிலும் மனத்திலும் தூய்மை வேண்டும். கடந்த மூன்று ஆண்டுகளில் எந்த வாரியத்திலும் இருந்திருக்கக் கூடாது. யாருடைய பெயரைக் குடத்தில் இடக் கூடாது என்ற பட்டியல் இன்னும் கடுமையானது. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் அதில் வருகிறார். அவர் மட்டுமல்ல, அவருடைய தந்தை, மகன், மாமனார், மைத்துனர், மருமகன் என்று உறவு முழுவதும் விலக்கப்படுகிறது. பிறர் பொருளைக் கவர்ந்தவருக்கும் இடமில்லை. இத்தனை விதிகளையும் நுணுக்கமாக எழுதிய அந்த ஊர்ச் சபை, நாவன்மையை ஒரு தகுதியாக எழுதவில்லை. ஏரியைக் காக்கக் கணக்குத் தெரிந்த, கை சுத்தமான ஆள்தான் வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

தேர்வு நடத்துபவருக்கும் விதி இருந்தது. சபையார் அனைவரும் கூடியிருக்க, குடத்தை எல்லார் கண்ணிலும் படும்படி தூக்கிக் காட்டுவார்கள். உள்ளே இருப்பது என்னவென்று அறியாத சிறுவன் ஓலையை எடுப்பான். மத்தியஸ்தன் ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் அதை வாங்கி உரக்கப் படிப்பான். விரல் மடங்கினால் ஓலை மாறிவிடலாம் என்ற எச்சரிக்கை அது. இன்றைய விவாத நெறியாளர்கள் இதை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும். ஒருவரை இடைமறித்து, இன்னொருவரை ஓடவிடும் நெறியாளர் விரலை மடக்கிக்கொண்டவர்.

அந்தச் சபையில் நிலமுடைய அந்தண ஆண்கள் மட்டுமே இருந்தார்கள். பெண்களுக்கும், நிலத்தில் உழைத்தவர்களுக்கும் பெயர் எழுத ஓலை இல்லை. அந்த அநீதியை மறைத்துவிட்டு அக்கல்வெட்டைப் போற்றக் கூடாது. குடிமை எல்லாருக்கும் விரிந்துவிட்ட இன்று, கணக்குக் கேட்கும் அந்த விதியும் எல்லாருக்கும் உரியதாக வேண்டும்.

பேச்சை நம்பித் தீர்ப்புச் சொன்னால் என்ன ஆகும் என்பதைச் சிலப்பதிகாரம் போலக் காட்டிய நூல் வேறில்லை. அரசியின் சிலம்பைத் திருடியவன் என்று பொற்கொல்லன் காட்டிய கோவலனைப் பார்த்த காவலர்கள், இவன் கள்வனாகத் தோன்றவில்லையே என்று தயங்குகிறார்கள். பொற்கொல்லன் சிரித்துக்கொண்டே களவு நூலை எடுத்து விரிக்கிறான். மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம் என்று தொடங்கிக் கள்வருக்குத் துணையாகும் எட்டையும் வரிசையாகச் சொல்லி, கதையும் சொல்கிறான். இன்றைய கணக்கில் அன்றைய விவாதத்தில் வென்றவன் அவன்தான். கோவலனோ வெட்டுண்டு விழுந்தான். பிறகு பாண்டியன் அவையில் கண்ணகி பேசிய பேச்சில் நெருப்பு இருந்தது. என்றாலும் வழக்கை முடித்தது அந்த நெருப்பு அல்ல, உடைந்த சிலம்பிலிருந்து தெறித்த மாணிக்கம். அரசியின் சிலம்பில் இருந்தது முத்து. சான்று வந்ததும் மன்னன் தன் பிழையை ஏற்று உயிரைவிட்டான்.

மணிமேகலையும் அதே பாடத்தைச் சொல்கிறாள். வஞ்சி நகரில் பல சமயவாதிகளிடம் சென்று ஒவ்வொருவரையும் முழுதாகக் கேட்கிறாள். யார் நன்றாகப் பேசினார் என்று வரிசைப்படுத்துவது அவள் நோக்கமல்ல. பிறகு நம் காஞ்சிக்கே வந்து அறவண அடிகளிடம் தருக்கம் கற்கிறாள். வாதத்தின் போலிகளை அங்கே அடிகள் வகைவகையாகப் பிரித்துக் காட்டுகிறார். கேட்பவர் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு அவளைவிட நல்ல முன்மாதிரி இல்லை.

வள்ளுவரோ இந்த ஒன்றுக்காகவே தெரிந்து தெளிதல் என்று ஓர் அதிகாரம் வைத்தார். ஒருவரின் பெருமைக்கும் சிறுமைக்கும் அவரவர் செயலே உரைகல் என்பது அவர் முடிவு. யார் வாயிலிருந்து வந்தாலும் மெய்யைத் தேடிக் காண்பதையே அறிவு என்றார். பயனற்ற சொற்களையே பேசித் திரிபவனைப் பதர் என்று ஒதுக்கினார்.

அதே வள்ளுவர் சொல்வன்மையையும் அவையஞ்சாமையையும் அமைச்சருக்கு உரிய பண்புகளாக வைத்திருக்கிறாரே என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதுதான். மக்களுக்கு விளக்கத் தெரியாதவர் ஆள்வது கடினம். பைடனின் தடுமாற்றம் அவருடைய முதுமை பற்றிய ஓர் உண்மையையும் வெளியே கொண்டுவந்தது. ஆனால் சொல்வன்மை மெய்க்குத் துணை நிற்கும்போது மட்டுமே பண்பு. மெய் இல்லாத இடத்தில் அது பொற்கொல்லனின் திறமை.

தடுமாறுபவரைவிட வராதவரிடம்தான் கடுமையாக இருக்க வேண்டும். 2019 அக்டோபரில் இலங்கையில் அதிபர் வேட்பாளர்களுக்கான பொது விவாதம் ஒன்று நடந்தபோது கோட்டாபய ராஜபக்ச அதற்கு வரவில்லை. அடுத்த மாதம் அவரே வென்றார். 2022 ஜூலையில் நாடு பொருளாதாரத்தில் நொறுங்கிக் கிடக்க, அவர் நாட்டைவிட்டே ஓடினார். பதில் சொல்ல வராதவரை மக்கள் அன்றைக்கே கேள்வி கேட்டிருக்க வேண்டும்.

நம் கையில் இன்று குடவோலையைவிட வலுவான கருவிகள் உண்டு. உச்ச நீதிமன்றத்தின் 2002, 2003ஆம் ஆண்டுத் தீர்ப்புகளால், ஒவ்வொரு வேட்பாளரும் தம்மீதுள்ள குற்ற வழக்குகள், சொத்து, கடன், கல்வி ஆகியவற்றைப் பிரமாணப் பத்திரத்தில் எழுதித் தர வேண்டும். அது தேர்தல் ஆணையத்தின் தளத்தில் யாரும் படிக்கக் கிடைக்கிறது. உத்திரமேரூர் இன்று பேரூராட்சி. ஆனால் அதைச் சுற்றியுள்ள ஊராட்சிகளில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் கிராம சபை கூடுகிறது. வரவு செலவை அங்கே நேராகக் கேட்கலாம். பல ஊர்களில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கலைந்துவிடுகிறார்கள்.

தேர்தல் வரும்போது இரவு விவாதத்தைப் பாருங்கள். பார்க்க வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் பேசுபவரின் பிரமாணப் பத்திரத்தைப் படித்துவிட்டு உட்காருங்கள். அவர் சொல்லும் ஒவ்வொரு எண்ணுக்கும் ஆதாரம் கேளுங்கள். அடுத்த கிராம சபையில், கையெழுத்துப் போடும் முன் கணக்கை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள்.