ஒரே பக்கம், இரண்டு திருமேனி

திருவரங்கத்தில் மூலவர் பள்ளிகொண்டிருக்கிறார். வீதிக்கு எழுந்தருளும் உற்சவரான நம்பெருமாள் நின்ற திருக்கோலத்தில் இருக்கிறார். அவர் சுதை, இவர் உலோகம். இருந்தும், சேவிக்க வருகிறவர் இரண்டு பெருமாள்களை வணங்குவதாக நினைப்பதில்லை. ஒரு பொருள் இரண்டு வடிவம் எடுத்தால் அது ஒன்றுதானா என்ற கேள்விக்கு வைணவம் எப்போதோ விடை சொல்லிவிட்டது. அதே கேள்வி இன்று, தன் இணையதளத்தில் கைபேசிப் பக்கங்களுக்கான பிளகினை நிறுவுகிறவர் முன்னாலும் நிற்கிறது.

வேர்ட்பிரஸ் தளங்களுக்கு வந்த டபிள்யூபிடச் போன்ற பிளகின்கள் செய்யும் வேலை எளியது. பக்கத்தைக் கேட்கும் பிரவுசர் தான் இன்ன சாதனத்தில் இருக்கிறேன் என்று ஒரு வரி அனுப்பும். அதைப் படித்து, கைபேசி என்று தெரிந்தால் பிளகின் வேறொரு தீமில் பக்கத்தைக் கட்டிக் கொடுக்கும். முகவரி ஒன்று, போய்ச் சேர்வது இரண்டு. பக்கங்களைச் சேமித்துவைத்துக் கொடுக்கும் கேஷ் அமைப்பு இந்த வேறுபாட்டை அறியாமல் இருந்துவிட்டால், கணினியில் படிப்பவருக்குக் கைபேசிப் பக்கம் போய்விடும்.

இந்த இரண்டும் ஒரே பக்கம்தானா? அமெரிக்கத் தத்துவவாதி நெல்சன் குட்மன் 1968-இல் வெளியிட்ட 'லாங்குவேஜஸ் ஆஃப் ஆர்ட்' நூலில் இதற்கு உதவும் ஓர் அளவுகோல் இருக்கிறது. ஓவியத்தை எவ்வளவு நுணுக்கமாக நகலெடுத்தாலும் நகல் மூலமாகாது. எழுத்துப் படைப்பு அப்படியல்ல. எழுத்துகள் மாறாமல் வரிசைப்படி இருக்கும் ஒவ்வொரு பிரதியும் அந்தப் படைப்பேதான். எழுத்துருவும் தாளின் அகலமும் அதைத் தொடுவதில்லை. ஆக, தீம் மாறினால் பக்கம் மாறிவிடாது.

ஆனால் பிளகின்கள் தோற்றத்தை மட்டும் மாற்றிவிட்டு நிற்பதில்லை. அமைப்பவர் எதைத் தேர்கிறார் என்பதைப் பொறுத்து அட்டவணை போய்விடும், அடிக்குறிப்பு போய்விடும், படத்துக்கான விளக்கம் போய்விடும். அப்போது வாசகர் கையில் இருப்பது அதே பக்கத்தின் சிறிய வடிவமல்ல. அது வேறொரு படைப்பு. அதைப் பெறுகிறவர் யார் என்பதையும் பார்க்க வேண்டும்: கணினி வாங்க வழியில்லாமல் கைபேசி ஒன்றையே இணையமாகக் கொண்டவர். அவரால் முழுப் பக்கத்தோடு எளிதில் ஒப்பிட்டுப் பார்க்கவும் முடியாது. குறைத்துக் கொடுப்பதும், குறைத்ததைச் சொல்லாமல் கொடுப்பதும் அறமாகாது.

வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ, கைபேசிகளுக்கென்று '.மொபி' என்ற தனி டொமைன் தொடங்கும் யோசனையை 2004-இலேயே எதிர்த்தார். எந்தச் சாதனத்திலிருந்து கேட்டாலும் ஒரே முகவரி பயன்பட வேண்டும் என்பது அவர் வாதம். வலைக்கான தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2008-இல் வெளியிட்ட கைபேசி வலைக்கான நெறிமுறையிலும், இயன்ற அளவு ஒரே தகவல் எல்லாச் சாதனங்களுக்கும் கிடைக்க வேண்டும் என்ற கொள்கை உண்டு.

கைபேசியில் பக்கங்கள் விரைவாகத் திறக்கக் கூகுள் 2015-இல் அறிவித்த ஏஎம்பி முறையில் கேள்வி இன்னும் கூர்மையானது. இதற்கான பிளகினில் கைபேசிக்குத் தனிப் பக்கம் வைக்கும் வழியைத் தேர்ந்தால், இரண்டு பக்கங்களுக்கும் வெவ்வேறு முகவரி அமையும். எது மூலம் என்று தேடுபொறிக்குத் தெரிய, ஏஎம்பி பக்கம் 'கனானிக்கல்' என்ற வரியால் மூலப் பக்கத்தைச் சுட்ட வேண்டும். திருவரங்கத்துக்கும் இப்படி ஒரு நாள் வந்தது. 1323-இல் நடந்த தில்லி சுல்தானியப் படையெடுப்பின்போது வெளியேறிய உற்சவர் 1371-இல் திரும்பியபோது, கோயிலில் வேறோர் உற்சவர் எழுந்தருளியிருந்தார். முதியவரான ஒரு வண்ணார், திருமேனியில் சாத்திய ஈர ஆடையின் தீர்த்தத்தைக் கொண்டு இவரே அவர் என்று அடையாளம் சொன்னதாக, கோயிலின் வரலாற்று நூலான கோயிலொழுகு வழி வரும் வரலாறு கூறுகிறது. அவர் உருவ ஒப்புமையைப் பார்க்கவில்லை. உள்ளிருந்து வந்த ஒன்றைக் கொண்டு தெரிந்துகொண்டார். இணையப் பக்கத்துக்கும் அப்படி ஓர் அடையாளம் உண்டென்றால் அது உள்ளடக்கம்தான். முன்னோட்டத் துணுக்கை மட்டும் ஏஎம்பியில் வைத்து மீதியை மூலப் பக்கத்தில் ஒளித்த தளங்களைக் கண்ட கூகுள், 2018 பிப்ரவரி முதல் இரண்டிலும் உள்ளடக்கம் ஒத்திருக்க வேண்டும் என்று விதித்தது. பிறகு தேடுபொறி கைபேசி வடிவத்தையே முதன்மையாகப் படிக்கத் தொடங்கியது. அதில் இல்லாதது தேடலுக்கும் இல்லை. வீதிக்கு வந்தவரே மூலவர் ஆகிவிட்டார்.

சிதம்பரத்தில் இந்தச் சிக்கலுக்கே இடமில்லை. ஆனியிலும் மார்கழியிலும் மூலவரான நடராசரே தேரேறி வருகிறார். வலை வடிவமைப்பாளர் ஈத்தன் மார்காட் 2010-இல் 'ரெஸ்பான்சிவ்' வடிவமைப்பு என்று பெயரிட்டுச் சொன்னது இதற்கு நெருங்கியது: பக்கம் ஒன்றே, திரையின் அகலத்துக்கேற்ப அதுவே தன்னை ஒழுங்குசெய்துகொள்ளும். வாய்ப்புள்ள தளத்துக்கு இதுவே நல்ல வழி. பழைய தீமினை மாற்ற முடியாதவருக்குப் பிளகின் தேவைப்படலாம். அவர் இரண்டு வடிவங்களையும் அருகருகே திறந்து வைத்து, விடுபட்டது எது என்று வரி வரியாகப் பார்த்துவிட வேண்டும்.

குட்மனின் அளவுகோல் தடுமாறும் இடமும் தமிழில் உண்டு. குறளின் முதலடிக்கு நான்கு சீர், இரண்டாமடிக்கு மூன்று. குறுகிய திரையில் முதலடி உடைந்தால் ஓர் எழுத்தும் குறையாது. ஆனால் ஏழு சீரும் மூன்று வரியாகிவிடும், அடி எங்கே முடிகிறது என்பது கண்ணுக்குத் தெரியாது. தேர் வடிவில் எழுத்துகளை அடுக்கும் இரதபந்தத்தில் இடமே பொருளின் பகுதி. அங்கே உரைநடைக்கான விதியைப் போட்டால் பாட்டே குலையும். இத்தகைய பக்கங்களில் அடியை உடைக்காமல் பக்கவாட்டில் நகர்த்திப் படிக்க விடலாம். உடைந்தே தீர வேண்டுமென்றால் தொடர்ச்சி வரியை உள்தள்ளி வைக்கலாம். இரண்டுக்கும் பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் சிஎஸ்எஸ்ஸில் சில வரிகள் போதும்.