கொல்லும் கருவியின் அழகு

ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் இறக்கை நீள்வட்ட வடிவம் கொண்டது. ஆர். ஜே. மிட்செல் தலைமையில் சூப்பர்மரீன் நிறுவனம் வடிவமைத்த இவ்விமானம் 1936 மார்ச் 5 அன்று முதன்முதலாகப் பறந்தது. மனிதர் செய்த விமானங்களிலேயே மிக அழகியது இதுதான் என்போர் இன்றும் பலர். கொல்வதற்கென்றே செய்த ஒன்றை அழகென்று போற்றுவது தகுமா என்ற கேள்வியை அந்த இறக்கையிலிருந்தே தொடங்கலாம்.

1790இல் வெளியிட்ட நூலில் தத்துவஞானி இம்மானுவேல் காண்ட் அழகை இருவகையாகப் பிரித்தார். பூவைப் போல, எதற்கென்று கேளாமலே ரசிக்கத்தக்கது ஒன்று. எதற்காக இருக்கிறது என்ற எண்ணத்தோடு சேர்ந்தே ரசிக்கத்தக்கது மற்றொன்று. குதிரை, தேவாலயம், அரண்மனை ஆகியவற்றோடு படைக்கலச் சாலையையும் அவர் இதில் சேர்த்தார். விமான ரசிகர்கள் பெரும்பாலும் முதல் வகையில் ஒதுங்கிக்கொள்கிறார்கள். கோடும் வளைவும் போதும், போர் வேறு கதை என்பது அவர்கள் வாதம்.

ஸ்பிட்ஃபயரின் வளைவு அந்த வாதத்துக்கு இடம் தருவதில்லை. நீள்வட்டம் தூக்குவிசையைச் சீராகப் பரப்பி, காற்றின் இழுவையைக் குறைக்கிறது. வேகத்துக்காக இறக்கை மெல்லியதாக இருக்க வேண்டும். அதே இறக்கைக்குள் மடங்கும் சக்கரங்களும் எட்டு இயந்திரத் துப்பாக்கிகளும் அவற்றுக்கான தோட்டாக்களும் அடங்கவும் வேண்டும். உடலோடு சேரும் இடத்திலிருந்து வெகுதூரம் அகலம் அதிகம் குறையாமல் சென்று, நுனியில் சட்டென ஒடுங்கும் வடிவம் இரண்டுக்கும் ஒத்துவந்தது. கண்ணுக்கு இனிய அந்தக் கோட்டை வரைந்ததில் துப்பாக்கிகளுக்கும் பங்குண்டு.

ராய் சாட்விக் வடிவமைத்த பிரிட்டனின் லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானம் 1941 ஜனவரியில் முதன்முதலாகப் பறந்தது. அதன் வயிற்றில் ஏறத்தாழ 10 மீட்டர் நீளத்துக்கு இடைத்தடுப்பே இல்லாத குண்டு அறை உண்டு. பொறியாளர்கள் இன்றும் மெச்சுவது இந்த அறையைத்தான். 1943இல் ஜெர்மனியின் ஹாம்பர்க்கையும் 1945 பிப்ரவரியில் டிரெஸ்டனையும் எரித்த குண்டுகளில் பல இதிலிருந்து விழுந்தன. டிரெஸ்டனில் மட்டும் சுமார் 25,000 பேர் இறந்தனர்.

போரில் ஈடுபடாதவரைக் குறிவைத்துக் கொல்லலாகாது என்பது கிறித்தவ அறப்போர் மரபின் கோட்பாடு. இதன் வழிநின்றே சிசெஸ்டர் ஆயர் ஜார்ஜ் பெல், 1944 பிப்ரவரி 9 அன்று பிரபுக்கள் சபையில், முழு நகரங்களையும் குண்டுவீசி அழிப்பதை எதிர்த்துப் பேசினார். அவர் நாஜி ஆட்சியைத் தொடக்கம் முதலே எதிர்த்தவர். ஜெர்மனியிலிருந்து தப்பி வந்தோருக்கு உதவியவர். போரின் நடுவில் சொந்த நாட்டு அரசை நோக்கி அப்படிப் பேச அசாத்தியத் துணிவு வேண்டும்.

கருவிக்குப் பாவமில்லை, பயன்படுத்தும் கைக்கே பாவம் என்ற மறுமொழி பழையது. அதை எளிதில் தள்ளிவிட முடியாது. 1945 ஏப்ரல் இறுதியிலும் மே தொடக்கத்திலும், பட்டினியால் மடிந்துகொண்டிருந்த நெதர்லாந்து மக்களுக்கு இதே லங்காஸ்டர்கள் தாழப் பறந்து உணவு மூட்டைகளைப் போட்டன. மூட்டைகள் விழுந்ததும் அதே குண்டு அறையிலிருந்துதான்.

ஆனால் வல்கன் விமானத்தை இந்த மறுமொழி காப்பாற்றாது. 1952இல் முதன்முதலாகப் பறந்த இந்த முக்கோண இறக்கை விமானம் அணுகுண்டு சுமக்கவே உருவானது. அதற்குப் பூசிய தூய வெள்ளை, அது வீசும் குண்டின் ஒளியும் வெப்பமும் அதையே சுடாமல் திருப்பியனுப்புவதற்கான பூச்சு. அந்த வெண்மையை நோக்கமறியாமல் ரசிப்பவர் அந்த விமானத்தைப் பார்க்கவே இல்லை.

எனவே ரசனை தவறன்று. அரைகுறையாகப் பார்ப்பதே தவறு. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனின் குண்டுவீச்சுப் படையில் பறந்த சுமார் 1,25,000 பேரில் 55,573 பேர் திரும்பவில்லை. லங்காஸ்டரைக் காட்சிக்கு வைக்கும் இடங்களில், குண்டு அறையின் நீளத்தைச் சொல்லும் பலகையிலேயே இந்த எண்ணும் டிரெஸ்டனில் இறந்தோர் எண்ணும் இடம்பெற வேண்டும்.