வாசியில்லாக் காசு

திருக்கோணமலைக்குத் தேவாரப் பதிகம் அருளிய திருஞானசம்பந்தப் பெருமான், அப்பர் சுவாமிகளுடன் சோழநாட்டுத் திருவீழிமிழலையில் எழுந்தருளியிருந்த காலத்தில் மழை பொய்த்துப் பெரும் பஞ்சம் உண்டாயிற்று. அடியார்கள் பசியால் வாடலாகாதென்று எம்பெருமான் இருவருக்கும் நாள்தோறும் ஒவ்வொரு காசை ஆலயப் பீடத்தில் வைத்தருளினார். இரு திருமடங்களிலும் அன்னம் பாலிக்கப்பட்டது. ஆயினும் அப்பர் மடத்தில் உரிய வேளைக்குப் பந்தி நடக்க, சம்பந்தர் மடத்தில் காலந்தாழ்ந்தே நடந்தது. காரணம் விசாரித்தபோது, "அப்பரின் காசைக் கடைக்காரர் அப்படியே ஏற்கின்றனர், தங்கள் காசுக்கு வாசி கேட்கின்றனர்" என்றனர் பணியாளர். வாசி என்றால் வட்டம், கழிவு. சம்பந்தர் இறைவனைப் பாடி வாசியில்லாக் காசு பெற்றார் என்கிறது சேக்கிழார் பெருமானின் பெரியபுராணம். அப்பர் உழவாரம் பிடித்துக் கையால் தொண்டு செய்தவர். அதனால் அவர் காசில் முதலிலேயே குறையில்லை என்பர் பெரியோர்.

இறைவன் கொடுத்த காசுக்கே கடைத்தெருவில் கழிவு உண்டென்றால், மனிதர் கொடுப்பது எம்மாத்திரம்?

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, பூரணை தினம். திருவெம்பாவைக் காலம். காலை ஏழு மணியளவில் சுமாத்திராவுக்கு அருகே கடலடியில் 9.1 அளவில் பூமி அதிர்ந்தது. அந்த அதிர்வால் இங்கு வீடுகள் விழவில்லை. ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் ஆழிப்பேரலை வங்கக் கடலைக் கடந்து வந்தது. மூதூர், கிண்ணியா, நிலாவெளி, குச்சவெளி, புல்மோட்டை எனக் கரையோரமெங்கும் ஏழைகளின் குடிசைகள் போயின. கிண்ணியா வைத்தியசாலையும் தப்பவில்லை. இலங்கை முழுவதிலும் 30,000இற்கு மேற்பட்ட உயிர்கள் பலியாயின. கோயில், பள்ளிவாசல், பாடசாலை என்ற பேதமின்றிக் கதவுகள் திறந்தன. முதல் சோற்றுப் பொதியைக் கொண்டுவந்தவர் வெளிநாட்டார் அல்லர், அயலூரார்.

பின்னர் உலகமே அள்ளிக் கொடுத்தது. அதை மறுப்பது நன்றி கெட்டதனம். அரசாங்கமும் ஆளொருவருக்கு வாரம் 375 ரூபா பெறுமதியான நிவாரணம் வழங்கியது. அதில் 200 ரூபா பணம், மிகுதி உலருணவு. ஆனால் வாசியும் கூடவே வந்தது. வெயில் நாட்டுக்குக் குளிர்காலச் சுவெற்றர் வந்தது வாசி. பொதியைக் கொடுக்குமுன் படம் எடுத்தது வாசி. வடக்கு கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டக்கூடாதென்று விதித்துவிட்டு, மாற்றுக் காணிக்குப் பலரை மாதக்கணக்கில் கூடாரத்தில் காத்திருக்க வைத்ததும் வாசிதான். காணி உறுதி இல்லாத குடும்பம் வரிசையில் கடைசியாயிற்று. படகு இழந்தவருக்குப் படகு கிடைத்தது, சிலருக்கு ஒன்றுக்கு மேலும் கிடைத்தது. சம்மாட்டியின் கரைவலையை இழுத்த கூலியாளுக்கும், கருவாடு விற்றுப் பிள்ளைகளை வளர்த்த பெண்ணுக்கும் இழந்ததாகக் காட்ட என்ன இருந்தது? பதிவேட்டில் பெயர் இல்லாதவனுக்குப் பசி இல்லையா? பதிவேடு வேண்டாம் என்பதல்ல; அது இல்லையேல் வலியவன் இருமுறை வாங்குவான், எளியவன் வெறுங்கையோடு போவான். பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு கூடாரத்துக்குக் கூடாரம் நடக்கவேண்டும் என்பதே பேச்சு. உழவாரம் என்பது அந்த நடைதான்.

ஏழைக்குக் கொடுப்பது ஈசனைச் சேரும், ஈசனுக்கென்று கொடுப்பது ஏழையைச் சேர்வதில்லை என்ற கருத்தைத் திருமூல நாயனார் அன்றே சொல்லிவைத்தார். கரையோரக் கிணறுகளில் அது கண்கூடாயிற்று. கடல்நீர் புகுந்து கிணறுகள் உப்பாகின. நல்லெண்ணத்தோடு வந்த பலர் பம்பு வைத்து இறைத்தனர். கிழக்குக் கரையில் நன்னீர் உப்புநீரின் மேல் மெல்லிய படையாகவே மிதக்கிறது; அளவுக்கு மீறி இறைத்த இடங்களில் அடியிலிருந்த உப்பு மேலேறியது. மாரி மழை இறங்கித்தான் தண்ணீர் மெல்ல மெல்லத் தெளிந்தது. அதுவரை பவுசரில் குடிதண்ணீர் கொண்டுவந்து, ஒவ்வொரு குடமும் நிரம்பும்வரை குழாயைப் பிடித்து நின்றவர்களின் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை.