சொல்லிவிட்டுத் தொடுகிற கை

வயிற்றில் அறுவை சிகிச்சை முடிந்து வார்டுக்கு வந்துவிட்டவருக்கு, டாக்டரும் மருந்தும் செய்து தர முடியாத சில வேலைகள் பாக்கி இருக்கின்றன. ஆழமாக மூச்சு இழுக்க வேண்டும். இருமிச் சளியை வெளியேற்ற வேண்டும். புரண்டு படுக்க வேண்டும், எழுந்து உட்கார வேண்டும், கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாவது நாலடி நடக்க வேண்டும். ஒவ்வொன்றும் வலிக்கும். வலிக்குப் பயந்து மேலோட்டமாகவே மூச்சு விட்டுக்கொண்டிருந்தால் நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கிச் சளி தேங்கும், நிமோனியா வரலாம். அசையாமல் கிடந்தால் காலில் ரத்தம் உறையலாம். அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலை அடைத்தால் உயிருக்கே ஆபத்து. எவ்வளவு கச்சிதமாகத் தையல் போட்டிருந்தாலும் இந்த ஆபத்து மிச்சம் இருக்கிறது.

வலிக்கும் என்று தெரிந்தே ஒருவர் மூச்சை ஆழமாக இழுக்கத் துணிகிறாரே, அது யாரை நம்பி? என் அம்மாவின் கட்டிலருகே இருந்த நாட்களில் என்னைப் பிடித்துக்கொண்ட கேள்வி இது. இன்னும் விடவில்லை.

அம்மாவுக்குக் குடல் அடைப்பு. அரசு மருத்துவமனையில் அவசரமாக வயிற்றைத் திறந்து சரிசெய்தார்கள். மயக்கம் தெளிந்த பிறகு அம்மா கண்ணை மூடிக்கொண்டே கிடந்தார். யார் தொட்டாலும் உடம்பு விறைத்தது. மூச்சுப் பயிற்சிக்கு மூன்று பந்து வைத்த பிளாஸ்டிக் கருவி ஒன்றை வாங்கி வரச் சொன்னார்கள். வாங்கி வைத்தோம். அம்மா அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆளாளுக்குக் கெஞ்சினோம், அதட்டினோம். பயந்துபோன மனுஷியிடம் பயந்துபோன நாங்கள் சொல்வது எப்படி எடுபடும்?

அன்று நைட் டியூட்டிக்கு வந்த சிஸ்டருக்கு இருபத்தைந்து வயது இருக்கலாம். பேச்சில் நாகர்கோவில் பக்கத்து இழுப்பு இருந்தது. அம்மா தலையைத் திருப்பாமலே பார்க்க முடிகிற இடத்தில் வந்து நின்றுகொண்டார். "அம்மா, விடியிற வரைக்கும் நான் இங்கதான் இருப்பேன். இப்ப கட்டு மாத்தணும். பிளாஸ்திரி எடுக்கும்போது சுருக்குன்னு இழுக்கும். சொல்லிட்டுத்தான் எடுப்பேன். தாங்க முடியலைன்னா கையைத் தூக்குங்க, நிறுத்திருவேன்." பாதியில் அம்மா கையைத் தூக்கினார். சிஸ்டர் உடனே நிறுத்தினார். அம்மாவே தலையசைத்த பிறகுதான் மறுபடி தொட்டார்.

அடுத்து ஒரு தலையணையை மடித்து அம்மாவின் வயிற்றின் மேல் வைத்து, இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டு இருமச் சொல்லிக்கொடுத்தார். இருமும்போது தையல் போட்ட இடம் அதிர்வதை அது குறைக்கும். அந்த மூன்று பந்துக் கருவியை ஊதுகிற கருவி என்றே பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் காற்றை உள்ளே இழுக்க வேண்டும். "ஊதாதீங்கம்மா. ஸ்ட்ரா போட்டு இளநி குடிக்கிற மாதிரி இழுங்க" என்றார். முதல் பந்து லேசாக எழும்பியது. காலையில் நடக்கவைப்பதற்கு முன்பு, வலிக்கு எழுதியிருந்த ஊசியைப் போட்டுவிட்டு, "இது வேலை செய்யட்டும், அரை மணி கழிச்சு வர்றேன்" என்று போனார். அரை மணியில் வந்தார். பேச்சுக் கொடுத்துக்கொண்டே அம்மாவின் கெண்டைக்காலைத் தொட்டுப் பார்த்தார். ஏதோ ஆதரவாகத் தடவுகிறார் என்றுதான் நினைத்தேன். வீக்கமோ சூடோ இருக்கிறதா, ரத்தம் உறைந்திருக்குமா என்று சோதித்திருக்கிறார்.

அந்தப் பெண்ணின் கருணை என்று நான் சொல்வது இவற்றைத்தான். சிரித்த முகமும் இனிமையான குரலும் நல்லவைதான். ஆனால் நாடி எகிறுவதைக் கவனிக்காத இனிமையால் நோயாளிக்கு ஒரு பயனும் இல்லை. அவருடைய பரிவு முழுக்க வேலைக்குள்ளேயே இருந்தது: வரப்போகும் வலியை முன்கூட்டிச் சொன்னது, நிறுத்துகிறேன் என்றபடி நிறுத்தியது, சொன்ன நேரத்துக்கு வந்தது. அம்மாவின் உயிரைச் சர்ஜன் காப்பாற்றினார், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த உயிரைத் தூக்கிக்கொண்டு நடக்க அம்மா சம்மதித்தது இந்தப் பெண்ணிடம்தான்.

மகனின் நன்றியுணர்ச்சியில் மிகைப்படுத்துகிறேனோ என்று யாருக்கும் தோன்றலாம். ஆனால் இதற்கு ஆய்வுச் சான்றும் உண்டு. பாஸ்டனின் மாசசூசெட்ஸ் ஜெனரல் மருத்துவமனையில் எக்பர்ட் என்ற மயக்க மருத்துவரும் அவருடைய சகாக்களும் வயிற்று அறுவை சிகிச்சை செய்துகொண்ட 97 பேரை வைத்துச் செய்த ஆய்வு 1964-இல் வெளியானது. ஒரு பகுதியினரிடம் மட்டும், எங்கே வலிக்கும், ஏன் வலிக்கும், எப்படித் தளர்வாக இருப்பது, எப்படிப் புரள்வது என்றெல்லாம் முன்னதாகவே உட்கார்ந்து விளக்கினார்கள். பிறகும் வந்து ஊக்கப்படுத்தினார்கள். அவர்களுக்குத் தேவைப்பட்ட வலி மருந்து சுமார் பாதியாகக் குறைந்தது. யாருக்கு இந்தப் பேச்சு கிடைத்தது என்று அறியாத சர்ஜன்களே, மற்றவர்களைவிடச் சராசரியாக 2.7 நாள் முன்னதாக அவர்களை வீட்டுக்கு அனுப்பலாம் என்றார்கள். பேசியவர்கள் மருத்துவர்கள்தான். ஆனால் நம் வார்டுகளில் அந்தப் பேச்சைப் பேச வேண்டிய இடத்தில் இருப்பவர் சிஸ்டர்.

பயம் மனதோடு நின்றுவிடுவதில்லை. அமெரிக்காவில் உளவியலாளர் கீகோல்ட்-கிளேசரின் குழுவினர் பல் மருத்துவ மாணவர்களின் மேலண்ணத்தில் மிகச் சிறிய காயம் ஒன்றை, கோடை விடுமுறையில் ஒரு முறையும் தேர்வுக் காலத்தில் ஒரு முறையும் உண்டாக்கிப் பார்த்தார்கள். 1998-இல் வந்த முடிவு: அதே ஆட்களுக்குத் தேர்வு நேரத்துக் காயம் ஆற 40 சதவீதம் கூடுதல் காலம் பிடித்தது. பரீட்சை பயத்துக்கே இந்தக் கதி என்றால், அடுத்து யார் வந்து எங்கே குத்துவார்கள் என்று தெரியாமல் இரவெல்லாம் விறைத்துக் கிடக்கும் உடம்பை எண்ணிப் பாருங்கள். ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் 1859-இல் எழுதிய செவிலியக் குறிப்புகளிலேயே இதைக் கண்டுகொண்டிருக்கிறார். நிச்சயமின்மையும் காத்திருப்பும் திடீரென்று ஏதாவது நேருமோ என்ற அச்சமும், உடல் உழைப்பைவிட அதிகமாக நோயாளியை வாட்டும் என்கிறார். நோயாளி கழுத்தை வலிக்கத் திருப்பாமல் பார்க்க முடிகிற இடத்தில் உட்கார்ந்து பேசச் சொல்கிறார். அந்த நாகர்கோவில் பெண் அந்தப் புத்தகத்தைப் படித்திருப்பாரா, தெரியாது. நின்ற இடம் அதுதான்.

இனி, எனக்குக் கோபம் வருகிற பகுதி. பரிவுக்கு நேரம் வேண்டும். அரை மணியில் வருகிறேன் என்று சொன்னவர் வர வேண்டுமென்றால், அதற்குள் பத்துப் பேர் அவரைக் கூப்பிடாமல் இருக்க வேண்டும். செவிலிய ஆய்வாளர் லிண்டா எய்கனின் குழுவினர் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தின் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்து 2002-இல் சொன்னது இது: ஒரு செவிலியரின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடும்போதெல்லாம், அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் முப்பது நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறது, செவிலியர் மனம் களைத்து வற்றிப்போகும் வாய்ப்பு 23 சதவீதம் கூடுகிறது. இந்த இரண்டு எண்களையும் நான் பிரித்துப் பார்ப்பதில்லை.

நாமோ செவிலியரைத் தேவதை என்று புகழ்வதோடு கடமை முடிந்ததாக நினைத்துவிடுகிறோம். தமிழ்நாட்டில் 2015-இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் வழியாகத் தேர்வான செவிலியர்கள் மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் வேலைக்குச் சேர்ந்தார்கள். பணி நிரந்தரம் கேட்டு 2017 நவம்பரில் சென்னையில் மருத்துவப் பணிகள் இயக்குநரகமான டி.எம்.எஸ். வளாகத்தில் அவர்கள் உட்கார்ந்தபோது, நோயாளிகளை விட்டுவிட்டு வரலாமா என்று கேட்டவர்கள் உண்டு. வீட்டு வாடகையை நினைத்துத் தூக்கம் கெட்டவர் நள்ளிரவு இரண்டு மணிக்கு இன்னொருவரின் பயத்தைத் தணிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதில் என்ன நியாயம் இருக்கிறது? அப்படியும் பலர் தணிக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு இது இயல்பாகவே கிடைக்கிற ஒன்று என்று நாம் இருந்துவிடக் கூடாது.

சமீபத்தில் சித்தப்பாவுக்கு இடுப்பெலும்பு முறிந்தது. மருத்துவமனைகளுக்கு போன் செய்து விசாரித்தோம். அறை வாடகை, பேக்கேஜ், காப்பீடு எல்லாம் கேட்டு முடித்த பிறகு, "ராத்திரியில் ஒரு சிஸ்டருக்கு எத்தனை பேஷண்ட்?" என்று கேட்டேன். இரண்டு இடங்களில் அதற்குப் பதில் வரவில்லை. மூன்றாவது இடத்தில் நர்சிங் சூப்பரின்டெண்டென்டிடமே போனைக் கொடுத்தார்கள். "வார்டில் ஆறு பேர் சார். லீவு ஆள் அதிகமானா எட்டு ஆகும், அதுக்கு மேல விடமாட்டேன்" என்றார் அந்த அம்மா. சித்தப்பாவை அங்கேதான் சேர்த்தோம்.