சின்ன முள்ளும் அஸர் ஜமாஅத்தும்



தொழுகை வக்து குறிக்கப்பட்ட கடமை என்பதைத் திருமறை (4:103) தெளிவாக்குகிறது. ஏழு வயதிலேயே பிள்ளைகளைத் தொழ ஏவும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். ஏவுகிறோம், ஆனால் கடிகாரம் பார்க்கக் கற்றுக்கொடுத்தோமா?

நம் பள்ளிவாசல் சுவரில் ஜமாஅத் நேரங்களைக் காட்டும் பலகை இருக்கிறது. அதன் முட்கள் ஓடாதவை. மோதினார் கையால் திருப்பி வைப்பார். அஸருக்கு 4-45. சின்ன முள் 5-ஐ நெருங்கி நிற்பதைக் கண்ட ஒரு சிறுவன், 5-45 என்று எண்ணி, ஜமாஅத் முடிந்து வெகு நேரத்திற்குப் பின் ஓடோடி வந்தான். தகப்பனார் கடிந்துகொண்டார். குற்றம் பிள்ளையுடையதா? கற்றுக்கொடுக்காத பெரியவர்களுடையதல்லவா?

அவனை அதே பலகையின் முன் நிறுத்திச் சொல்லிக்கொடுத்தோம். முதலில் சின்ன முள்: அது தாண்டி வந்த எண்ணே மணி, நெருங்கும் எண் அல்ல. அடுத்துப் பெரிய முள்: 1-க்கு 5 நிமிடம், 2-க்கு 10, 9-க்கு 45. "அப்படியானால் நாலே முக்கால்!" என்றான், முகம் மலர்ந்தது.

பெற்றோர்களே! பாங்கு கேட்கும்போதெல்லாம் பிள்ளையிடம் மணி கேளுங்கள். தவறினால் அதட்டாதீர்கள்.

வக்து அறிந்து தொழும் மக்களை அல்லாஹ் நமக்குத் தந்தருள்வானாக! ஆமீன்.