காடு வா என்கிறதா?

“வீடு போ போ என்கிறது, காடு வா வா என்கிறது.” நம் நாட்டு முதியோர் வாயில் இம்மொழி எத்துணை எளிதாக வந்துவிடுகிறது! முழங்கால் சற்றே வலித்தால் போதும், கண் சற்றே மங்கினால் போதும். “இனி நமக்கென்ன, ராமா கிருஷ்ணா என்று கிடக்க வேண்டியதுதான்” என்று கூறித் திண்ணையில் சாய்ந்துவிடுகின்றனர். சாய்ந்தவர் எழுவதில்லை. எழாதது கண்டு, “பார்த்தீர்களா, வயது செய்யும் வேலையை!” என்று பெருமூச்சு விடுகிறது ஊர். அது வயது செய்த வேலையா, திண்ணை செய்த வேலையா என்று நாம் கேட்கிறோம்.

இந்தத் திண்ணைத் தத்துவம் நேற்றுப் பிறந்ததன்று. தோல் திரைந்து, தலை நரைத்து, பேரன் முகமும் கண்டுவிட்டால் இல்லறத்தான் காடு புக வேண்டும் என்று விதித்தது மனுநூல். அவன் மனைவியின் நிலை? மக்களிடம் ஒப்படைத்துவிட்டுப் போகலாம். அன்றேல் உடன் அழைத்துச் செல்லலாம். அவள் விருப்பம் யாது என்பது அங்கே கேள்வியே அன்று. ஒப்படைக்கப்படும் பண்டம் வாய் திறந்து பேசுவதுண்டோ! அந்தக் காடேகும் நிலைகூட ‘இருபிறப்பாளர்’ என்போர்க்கே உரியதாக வகுக்கப்பட்டது. உழைப்பவனுக்கு அந்த ஏட்டில் உழைப்பு உண்டு, பிறகு சாவு உண்டு. இடையில் ஓய்ந்து உட்காரும் பருவம் இல்லை.

இன்று எவரும் காட்டுக்குப் போவதில்லை. காட்டுக்குப் போகும் புத்தி மட்டும் போகவில்லை. “இந்த வயதில் உங்களுக்கு எதற்குப் புதுச் சட்டை?” “இந்த வயதில் கண்ணுக்கு அறுவையா?” “பேசாமல் ஒரு மூலையில் உட்காருங்களேன்!” இப்படிக் கேட்போர் கொடியவர் அல்லர், பெற்றோரிடம் அன்புள்ள பிள்ளைகளே. அன்பின் பேராலேயே வீட்டுக்குள் ஒரு காடு வளர்க்கின்றனர்.

பள்ளியில் ஒருநாள், “முதியவர் ஒருவரின் படம் வரையுங்கள்” என்று பிள்ளைகளிடம் கூறினோம். தடி வந்தது, கட்டில் வந்தது, நெற்றி நிறையத் திருநீறு வந்தது. இரண்டு படங்களில் சுவரில் மாலையிட்ட புகைப்படமாகவே தாத்தா வந்துவிட்டார்! அந்தப் பள்ளியின் வாயிலில் நாள்தோறும் கூடை சுமந்து வந்து மாங்காய்க் கீற்று விற்கும் பாட்டிக்கு எழுபதுக்குக் குறையாது. பிள்ளைகள் நாள்தோறும் காணும் மூத்தவர் அவரே. அவரை ஒருவரும் வரையவில்லை. உழைத்து நிமிர்ந்து நிற்பவர் ‘முதியவர்’ என்னும் கணக்கில் சேர்வதில்லை என்று அந்தப் பிஞ்சுகளுக்கு யார் கற்பித்தனர்?

நாமே கற்பித்தோம் என்பது கிடக்கட்டும். அக்கல்வி பொய் என்பதற்குச் சான்று உண்டு. அமெரிக்க நாட்டின் பாஸ்டன் நகர முதியோர் இல்லமொன்றில் நடந்த ஆய்வு 1990இல் வெளிவந்தது. தொண்ணூறு வயதை ஒட்டிய, தளர்ந்த பத்துப் பேருக்கு எட்டு வாரம் காலால் எடை தூக்கும் பயிற்சி தந்தனர். முடித்தவர் ஒன்பது பேர். அவர்தம் கால் வலிமை சராசரியாக 174 விழுக்காடு கூடிற்று. தொண்ணூறு வயதுத் தசையும், வேலை கொடுத்தால் வளர்கிறது! பத்துப் பேர் சிறு தொகைதான். ஆயினும் பின்வந்த ஆய்வுகள் பலவும் அதே பக்கம்தான் நிற்கின்றன. வயது வலிமையைக் குறைக்கிறது, மறுப்பாரில்லை. ஆனால், “குறைகிறதே” என்று முடங்கினால் குறைவு பன்மடங்காகிறது. விதியென்று நாம் அழுவதில் பெரும்பகுதி, அசையாமல் இருந்ததன் விளைவே.

எனவே வழக்கங்கள் வேண்டும். உலக நலவாழ்வு நிறுவனம் கூறுவது இது: மூத்தோர்க்கும் வாரத்துக்கு 150 நிமிட நடையோ அதற்கொத்த உழைப்போ வேண்டும், விழாதிருக்க, உடல் நிலைப்புப் பயிற்சி வாரத்தில் மூன்று நாளேனும் வேண்டும், உப்பு நாளுக்கு 5 கிராமுக்குள் அடங்க வேண்டும். ஊறுகாயும் கருவாடும் அப்பளமும் கூடிய நம் இலையில் அந்த ஐந்து கிராம் எங்கே தாண்டுகிறது என்று அவரவர் வீட்டில் பார்த்துக்கொள்ளலாம். வெற்றிலையோடு செல்லும் புகையிலையும் புகையிலைதான். இரத்த அழுத்தத்தைச் சோதிக்க வெட்கமெதற்கு? ராகுகாலம் பார்க்கும் நேரத்தில் அதைப் பார்த்துவிடலாம்.

உடலை விட உள்ளத்தின் முடக்கமே கொடிது. பெட்ரண்ட் ரஸ்ஸல் 1961இல், தம் 89ஆம் வயதில், அணுகுண்டை எதிர்த்துக் கிளர்ச்சி செய்து ஏழு நாள் சிறை சென்றார். தந்தை பெரியார் 1973 டிசம்பர் 19 அன்று சென்னைத் தியாகராயர் நகரில் தம் இறுதிச் சொற்பொழிவை ஆற்றியபோது அவருக்கு வயது 94. ஐந்து நாளில் மறைந்தார். சிறுநீர் பிரியக் குழாய் பொருத்திய உடல், வலியில் துடிக்கும் உடல். அதைச் சுமந்துகொண்டே ஊர் ஊராகச் சாதி இழிவைச் சாடினார். நோய்க்கு மருத்துவரை நாடினார், நேர்த்திக்கடனை நாடவில்லை. அவர்களைக் காட்டி, “கொள்கை இருந்தால் நூறாண்டு வாழலாம்” என்று நாம் கூறமாட்டோம். ரஸ்ஸல் வாழ்நாள் முழுதும் குழாய்ப் புகை பிடித்தவர். 97 வயது வரை வாழ்ந்தார். அதனால் புகை நல்லதென்று ஆகிவிடுமா? ஒருவர் தப்பியதை வைத்து ஊருக்கே பலன் சொல்வது சோதிடர் தொழில், நமக்கு வேண்டாம். அவர்களிடம் நாம் காண்பது வேறு: நாளைக்கு ஒரு வேலை இருக்கிறது என்னும் எண்ணம். அந்த எண்ணம் உள்ளவர் காலையில் எழுவதற்கு ஒரு காரணம் வைத்திருக்கிறார்.

இங்கே மற்றொரு பொய்யையும் நாம் மறுத்தாக வேண்டும். “ஒழுங்காக உண், ஒழுங்காக நட, நோயுற்றால் குற்றம் உன்னுடையதே” என்று இக்காலத்தில் சிலர் போதிக்கின்றனர். முற்பிறவி வினை என்றான் பழையவன்; இப்பிறவி வினை என்கிறான் புதியவன். இருவரும் சமுதாயத்தை விடுவித்துவிடுகின்றனர்! லான்செட் மருத்துவ இதழ் அமைத்த குழு, மறதிநோயைப் பற்றி 2024இல் அறிக்கை தந்தது. பதினான்கு காரணங்களை நீக்க முடிந்தால் அந்நோயில் ஏறத்தாழ 45 விழுக்காட்டைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ கூடும் என்றது. அந்தப் பதினான்கில் புகையும் குடியும் உண்டு. இளமையில் கிடைக்காத கல்வியும், மாசடைந்த காற்றும், தனிமையும், கவனிக்கப்படாத செவிட்டுத்தன்மையும் உண்டு. பத்து வயதில் பள்ளியினின்று நிறுத்தப்பட்டு அடுப்படிக்கு அனுப்பப்பட்ட சிறுமி, எந்த நடைப்பயிற்சியால் அந்தக் கடனைத் தீர்ப்பாள்?

பிசிராந்தையாரை நினைத்துக்கொள்கிறோம். ஆண்டுகள் பல ஆகியும் நரை இல்லையே, எப்படி என்று கேட்டவர்க்கு அவர் கூறிய விடை புறநானூற்றில் இருக்கிறது. மாண்புடைய மனைவி, அறிவு நிரம்பிய மக்கள், தம் கருத்தறிந்து நடக்கும் ஏவலர், முறை தவறாத மன்னன், அடக்கமுள்ள சான்றோர் வாழும் ஊர்: இவையே காரணம் என்றார். தெய்வத்தைக் கூறவில்லை, நோன்பைக் கூறவில்லை, தம் ஒழுக்கத்தைக்கூடக் கூறவில்லை. நல்ல முதுமையை வீடும் ஆட்சியும் ஊரும் சேர்ந்து தருகின்றன என்று ஈராயிரம் ஆண்டுக்கு முன்னரே உணர்ந்த அறிவு அது! ஆயினும் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. அந்த மனைவிக்கு நரைத்ததா? அந்த ஏவலர்க்கு நரைத்ததா? அவர் கவலையின்றி இருக்க, அவர் கவலையையும் சேர்த்துச் சுமந்தவர் யார்? இன்றும் கிழவர் நடைக்குச் செல்கிறார். கிழவி அவருக்குக் கஞ்சி வைக்கிறாள். அறுபதில் அவருக்கு ஓய்வு. அவளுக்கு அடுப்பில் ஓய்வு எந்த வயதில்?

இளந்தோழர்களே! உங்களுக்கு இருபது வயது. இது உங்களைச் சேர்ந்த செய்தியன்று என்று ஏட்டை மடித்துவிடாதீர்கள். வீட்டில் அடுப்பு வேலையைப் பங்கிட்டால், உங்கள் தாய்க்கு நாளும் அரைமணி நேர நடை கிடைக்கும். காது மந்தமான தாத்தாவிடம் கத்தி அலுப்பதைவிட, அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றால் கருவி கிடைக்குமா என்று கேட்டுவரலாம். நம் படிப்பகங்களையும் ஒருமுறை பாருங்கள். மாலையில் அங்கே கூடுவோர் யாவரும் இளைஞர். தெருக்கோடிப் பாட்டி ஏன் வரவில்லை என்று நாம் கேட்டதுண்டா? எழுத்து தெரியாதவர்க்கு நாளிதழைப் படித்துக் காட்ட ஒருவர் உட்காரலாம். கேட்டபின் அவர் கூறும் கருத்தை வாதமாக ஏற்று மறுக்கவும் செய்யலாம், “ஆமாம் பாட்டி” என்று தலையாட்டி அனுப்பாமல். முதலில் அவர் உள்ளே வந்தாக வேண்டுமே! வாயிலில் நான்கு படிகள் உயரமாக இருக்கின்றன. பிடித்து ஏறக் கைப்பிடி இல்லை. இரும்புக் குழாய் ஒன்று வாங்கிப் பதிக்க எத்தனை ரூபாய் ஆகும்?