அறுபத்திரண்டு கூற்றுகளும் ஒரு புள்ளியும்

சென்ற மழைக்காலத்தில் ஒருநாள் மஞ்சூர்க் கடைவீதியில் ஊட்டிப் பேருந்துக்காகக் காத்திருந்தேன். தேநீர்க்கடையில் எனக்கு எதிரே ஒரு பெரியவரும், விடுமுறைக்கு வந்திருந்த அவருடைய தம்பி மகனும் அமர்ந்திருந்தனர். இளைஞர் கைபேசியைப் பார்த்து ஒவ்வொரு கூற்றாகத் தமிழாக்கிச் சொல்ல, பெரியவர் விடையளித்துக்கொண்டிருந்தார். அரசியலில் ஒருவர் எப்பக்கம் நிற்கிறார் என்று சொல்லிவிடும் இணையத் தேர்வாம் அது!

'பொலிடிகல் காம்பஸ்' என்னும் அத்தேர்வு 2001 முதல் இணையத்தில் உள்ளது. அறுபத்திரண்டு கூற்றுகள். ஒவ்வொன்றையும் ஏற்கலாம், மறுக்கலாம். உறுதியாக ஏற்கலாம், உறுதியாக மறுக்கலாம். 'இடத்தைப் பொறுத்தது' என்று சொல்ல வழியில்லை. முடிவில், இரண்டு கோடுகள் குறுக்கிடும் ஒரு கட்டத்தில் நமக்கென ஒரு புள்ளி விழும். இதற்கு முன்பே, 1969இல், அமெரிக்கரான டேவிட் நோலன் இத்தகைய வரைபடம் ஒன்றை அமைத்தார். 1971இல் லிபர்டேரியன் கட்சியைத் தோற்றுவித்தவர்களுள் அவரும் ஒருவர். வரைபடம் வரைந்தவருக்கும் அதில் ஒரு சொந்த ஊர் இருந்தது என்பதை நாம் மறந்துவிடலாகாது.

சந்தைக்குக் கட்டுப்பாடு கூடாது என்ற கருத்து வந்தது. சந்தை என்றதும் பெரியவரின் மனம் மேட்டுப்பாளையத்துக் காய்கறி மண்டிக்குச் சென்றுவிட்டது.

"தரகு யார் கொடுப்பது?" என்றார்.

"அதுவல்ல பெரியத்தா, பொதுவாகச் சொல்லுங்கள்."

பொதுவாக எப்படிச் சொல்வார்? ஒன்றரை ஏக்கர் தேயிலை வைத்திருப்பவர் அவர். பசுந்தேயிலைக்கு அரசே விலை நிர்ணயிக்க வேண்டும் என்பதில் அசையாத உறுதி. 2023இல் நீலகிரிச் சிறு விவசாயிகள் விலை கேட்டு உண்ணாவிரதம் இருந்தபோது இவரும் ஒருநாள் போய் அமர்ந்தவராம். அதே மனிதர், தம் வீட்டின்மேல் ஓர் அறை எழுப்ப அனுமதி கேட்டு நடந்து களைத்தவர். ஆதலால் அரசு குடிமகனின் காரியத்தில் தலையிடலாகாது என்பதிலும் அதே உறுதி. இரண்டும் பட்டறிந்தவை. தேர்வோ ஒன்றைக் கூட்டி மற்றொன்றைக் கழித்தது.

"நீங்கள் நடுநிலையாளர், பெரியத்தா!"

"நானா?" என்று பெரியவர் சினந்தே போனார். எதைப் பற்றியும் கருத்தில்லாதவரும் ஏறத்தாழ அதே இடத்தில்தான் விழுவார் அன்றோ?

ஒரே வினாவால் மனிதரைப் பிரித்த வரலாறு இம்மலைக்குப் புதிதன்று. 1964 அக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம், இலங்கை மலையகத் தமிழருள் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. எந்நாட்டுக் குடியுரிமை வேண்டுமென விண்ணப்பம் கேட்டது. இந்தியா என எழுதியவரெல்லாம் இந்தியப் பற்றால் எழுதினரா? அச்சம் இருந்தது, உறவைப் பிரியக் கூடாதென்ற தவிப்பு இருந்தது, வேறு வழியின்மையும் இருந்தது. அவ்வாறு தாயகம் திரும்பியோருக்கு வேலையளிக்கவே 1968இல் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் தொடங்கப்பெற்றன. அந்த விண்ணப்பமும் காரணத்தைக் கேட்கவில்லை. எனினும் அதன் விடைக்கு ஒரு விலை இருந்தது; எழுதியவர் பிறந்த மண்ணை விட்டுக் கப்பலேற வேண்டியிருந்தது. கைபேசியில் அளிக்கும் விடைக்கு என்ன விலை? ஏழைக்கு உதவ வரியை உயர்த்தலாம் என்று ஒரு விரலால் தொட்டுவிட்டு, வாயிலில் வந்து நிற்பவரை மறு கையால் போகச் சொல்லலாம்.

இத்தேர்வுகள் அனைத்தும் வீண் என்பது என் கருத்தன்று. நெதர்லாந்தில் 1989இல் தொடங்கிய 'ஸ்டெம்வைசர்', எந்தக் கட்சி எதை ஆதரிக்கிறது என்பதை வாக்காளருக்குக் காட்டுகிறது. அது நல்ல உதவியே. புள்ளியையே மனிதரென எண்ணி, அதற்கொரு பெயர் சூட்டி, அப்பெயரோடு வாதிடத் தொடங்குவதுதான் என்னைக் கவலையுறச் செய்கிறது. ஒரே வீட்டில் ஒரே சஹனில் உண்பவர்கள்கூட இன்று அப்படி அழைத்துக்கொள்கின்றனர்.

இளைஞர் சிறிது நேரம் திரையைப் பார்த்தார். பின்னர் கைபேசியைச் சட்டைப்பையில் இட்டுக்கொண்டு, "தரகு என்றீர்களே பெரியத்தா, அது என்ன?" என்று கேட்டார்.

பெரியவர் சொல்லத் தொடங்கினார். நான் பேருந்தைத் தவறவிட்டேன்.